சுவரெழுப்பிய ஓவியர் பான்சி சந்திரகுப்தா

சித்திரம் எழுதக் கல்கத்தா சென்ற ஒருவர் சுவர் எழுப்பிப் பெயர் பெற்றார். அவரே பான்சி சந்திரகுப்தா. சத்தியஜித் ராயின் பெயரை அறியாதார் நம்முள் மிகச் சிலர். அவர் படங்களில் நாம் கண்ட வீடுகளையும் முற்றங்களையும் ஆக்கித் தந்தவரை அறிந்தாரோ அதனினும் சிலர்.

1924ஆம் ஆண்டு சியால்கோட்டிற் பிறந்த இவர், காஷ்மீரத்திலே ஸ்ரீநகரில் வளர்ந்தார். தூரிகையே துணையென்றிருந்த இவ்விளைஞரைக் கல்கத்தாவுக்கு வரத் தூண்டியவர், தாகூர் குடும்பத்து ஓவியரான சுபோ தாகூர். அந்நகரில் திரைப்படமும் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1947இல் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தொடங்கியபோது இவரும் உடனிருந்தார்.

அக்காலத்து வங்காளப் படங்களில் அரங்கமைப்பென்பது பெரும்பாலும் தீட்டிய சீலையே. நம்மூர்க் கொட்டகை நாடகங்களை நினைவுகூர்வோர்க்கு இது எளிதில் விளங்கும். காடு, தெரு, தர்பார் என மூன்று திரைகள். அரிச்சந்திரனுக்கும் அவையே, நல்லதங்காளுக்கும் அவையே. அதிற் குறையொன்றுமில்லை; எஞ்சியதைப் பார்ப்போர் மனம் நிரப்பிக்கொள்ளும். கமராவோ அவ்வாறு இரங்காது.

பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'நதி' என்னும் படத்தை எடுக்க 1949இல் வங்காளம் வந்தார். அவருடைய கலை இயக்குநர் இயூஜீன் லூரியேயிடம் சந்திரகுப்தா உதவியாளராய் அமர்ந்தார். ஓவியர் அரங்கமைப்பாளராக மாறிய இடம் அதுவென்றே நாம் கருதுகிறோம். பின்னர் 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'க்காகப் போரால் கிராமத்துப் பாழ்வீடொன்றைக் கதைக்கேற்பத் திருத்தியமைத்தார்.

அடுத்த ஆண்டு வந்த 'அபராஜிதோ'வே இவர் திறத்துக்குத் தக்க சான்று. காசியிலே வானம் பார்த்த முற்றமும், அதனைச் சூழ்ந்த அறைகளும் கொண்ட பழைய வீடொன்று அக்கதைக்கு வேண்டியிருந்தது. அதனைக் கல்கத்தாவில் படப்பிடிப்பு நிலையத்துள்ளேயே கட்டினார். ஆனால் நேரே விளக்குப் பாய்ச்சினால் நிழல்கள் பலவாய் விழுந்து பொய்யைக் காட்டிவிடுமே! ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்தின் மேலே வெண்சீலை கட்டி, கீழிருந்து அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினார். மீண்டு வந்த ஒளி வானத்தொளி போலவே பரவிற்று. முன்னர் அரங்கின் பின்னே தொங்கிய சீலை இங்கே வானமாயிற்று. அம்முற்றத்தைக் காசியே என நம்பியவர், அதைக் கட்டியவர் பெயரைத் தேடுவது எங்ஙனம்?

ராய் தாமும் ஓவியர். வேண்டியதை வரைந்து காட்டுவார். அதனை மரமும் சாந்துமாக்குவது சந்திரகுப்தாவின் பணி. 1964இல் வந்த 'சாருலதா'வில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செல்வர் மனையின் உட்புறத்தையும், 1966இல் வந்த 'நாயக்'கில் புகைவண்டிப் பெட்டியையும் நிலையத்துள்ளேயே அமைத்தார். இவர் ஓவியத்தைக் கைவிட்டாரே என வருந்துவோரும் இருக்கலாம். சாருலதை தனித்து உலவும் அவ்வறைகளை நோக்குங்கால் நமக்கு அவ்வருத்தம் தோன்றுவதில்லை.

பிற்காலத்தில் பம்பாய்ப் படங்களிலும் பணியாற்றினார். 1977இல் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'க்காக இலக்னோ நவாபின் உலகை அமைத்தார். 1981இல், ஐம்பத்தேழாம் வயதில், அமெரிக்காவில் காலமானார். அபர்ணா சென்னின் '36 சௌரங்கி லேன்' அவ்வாண்டே வெளிவந்தது. அதிலே தனித்து வாழும் முதிய ஆசிரியை ஒருத்தியின் கல்கத்தா வீடு, இவர் கைவண்ணம்.