கப்பல் கணக்கு பார்த்த குமாஸ்தா



போன வருஷம் இன்பிளான்ட் டிரெய்னிங் போனபோது என்னை ஒர்க்‌ஷாப் பக்கம் விடாமல் ஸ்டோர்ஸில் உட்கார வைத்துவிட்டார்கள். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கலாம் என்று ஆசையாகப் போனவனுக்கு இன்வர்ட் ரிஜிஸ்டரும் அவுட்வர்ட் ரிஜிஸ்டரும்தான் கிடைத்தன. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இருப்பு எவ்வளவு... தினமும் டேலி பார்க்கணும். இதுக்கா டிப்ளமோ படிக்கிறோம் என்று நொந்துபோயிருந்த நேரத்தில்தான் ஒரு குமாஸ்தாவின் வாழ்க்கையைப் படித்தேன். அவரும் வரவையும் போக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்தான். அதை வைத்தே ஒரு ராஜாவை ஆட்டி வைத்தவர்!

அவர் பெயர் எட்மண்ட் மொரெல். 1873-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா ஆங்கிலேயர். சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். பணமில்லாததால் பதினைந்து வயதில் படிப்பு நின்றது. கல்லூரி வாசலை மிதிக்காதவர். 1891-ல் லிவர்பூலில் எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பிரெஞ்சு தெரிந்தவர் என்பதால் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அடிக்கடி அனுப்பினார்கள். அங்கிருந்துதான் காங்கோவுக்குக் கப்பல்கள் போய் வந்தன.

இங்கே காங்கோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 1884-85-ல் பெர்லினில் ஒரு மாநாடு நடந்தது. ஆப்பிரிக்காவில் யார் எப்படி இடம் பிடிப்பது என்று வல்லரசுகள் பேசி முடித்தன. அந்த மேஜையில் ஒரு ஆப்பிரிக்கர்கூட இல்லை. அந்தச் சமயத்தில்தான் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோவைத் தனக்கென்று வாங்கிக்கொண்டார். கவனியுங்கள், பெல்ஜிய நாட்டுக்கு இல்லை, அவருடைய சொந்தச் சொத்தாக! பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கும் மேலான நிலம். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போகிறேன், நாகரிகம் கொடுக்கப் போகிறேன் என்று உலகத்துக்குச் சொன்னார். கடைசிவரை ஒருமுறைகூட அந்த மண்ணில் கால் வைக்கவில்லை.

1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார் என்று நம்ம ஆட்டோமொபைல் பசங்களுக்குத் தெரியும். சைக்கிளும் காரும் பெருகின. ரப்பருக்குத் திடீரென்று கிராக்கி. காங்கோ காடுகளிலோ ரப்பர்க் கொடி தானாகவே வளர்ந்து கிடந்தது. லியோபோல்டுக்கு அடித்தது யோகம்.

மொரெல் துறைமுகத்தில் என்ன பார்த்தார்? காங்கோவிலிருந்து வரும் கப்பல் நிறைய ரப்பரும் யானைத் தந்தமும். திரும்பிப் போகும் கப்பலிலோ பெரும்பாலும் துப்பாக்கி, தோட்டா, ராணுவச் சாமான்கள். இது வியாபாரம் என்றால் ரப்பர் கொடுத்தவனுக்கு விலையாகத் துணியோ உப்போ வேறு சரக்கோ போகணுமே? அப்படி எதுவும் சொல்லிக்கொள்கிற அளவுக்குப் போகவில்லை. அப்படியென்றால் ரப்பர் எப்படி வருகிறது? விடை ஒன்றுதான். யாருக்கும் கூலி கொடுக்கவில்லை. துப்பாக்கி முனையில் பிடுங்குகிறார்கள். காங்கோவைக் கண்ணால் பார்க்காமல், இரண்டு பட்டியலை மட்டும் பார்த்தே இந்த முடிவுக்கு வந்தார்.

உண்மையும் அதுதான். ஒவ்வொரு கிராமத்துக்கும் இவ்வளவு ரப்பர் என்று அளவு வைத்தார்கள். ஆண்கள் காட்டுக்குப் போய் வரும்வரை மனைவிகளைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்காக, செத்தவனின் கையை வெட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். தோட்டாவை வேட்டையில் செலவழித்த சிப்பாய் உயிரோடிருப்பவனின் கையை வெட்டிக் கணக்கை நேர் செய்தான்!

மொரெல் மேலதிகாரியிடம் சொன்னார். பலனில்லை. வேறு பெரிய வேலை தருவதாக ஆசை காட்டினார்கள். அவர் மசியவில்லை. 1901-ல், 28 வயதில், குடும்பம் இருந்தும் வேலையை உதறினார். 1903-ல் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். அவருக்கு முன்பே, 1890-ல், ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் காங்கோவைப் பார்த்துவிட்டு லியோபோல்டுக்கே பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். அப்போது உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த முறை கேட்டது. பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய் விசாரித்த அறிக்கை 1904-ல் வெளிவந்தது. அதே வருஷம் காங்கோ சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண்மணி எடுத்த, கை வெட்டுப்பட்டவர்களின் புகைப்படங்களை ஊர் ஊராகத் திரையில் காட்டினார்கள்.

1908-ல் லியோபோல்ட் காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கும் 5 கோடி பிராங்க் அவருக்கே கிடைத்தது! ஒப்படைக்கும் முன் ஆவணங்களை நாள்கணக்கில் எரித்தார். கணக்கேட்டுக்கு அவர் எவ்வளவு பயந்தார் பாருங்கள். காங்கோ விடுதலை பெற 1960 வரை ஆயிற்று.

மொரெலைத் தெய்வமாக்க நான் வரவில்லை. முதல் உலகப் போரை எதிர்த்தார். 1917-ல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1922 தேர்தலில் டண்டீ தொகுதியில் சர்ச்சிலே தோற்க, இவர் எம்.பி. ஆனார். ஆனால் 1920-ல், ஜெர்மனியில் நிறுத்தப்பட்ட பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்கச் சிப்பாய்களை இழிவுபடுத்தி எழுதியதும் இதே மொரெல்தான். யாருக்காகப் போராடினாரோ அவர்களையே பற்றி! படித்தபோது மனசு வலித்தது. நிறவெறி நல்லவர் மனசிலும் ஒளிந்திருக்கும் போலிருக்கிறது. 1924-ல், 51 வயதில் காலமானார்.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். டிரெய்னிங் கடைசி நாளில் என் ரிஜிஸ்டரில் பன்னிரண்டு டியூப் குறைந்தது. அட்ஜஸ்ட் பண்ணி எழுதிடு தம்பி என்றார்கள். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சர்டிபிகேட் வேணுமே! கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. பன்னிரண்டு டியூப் பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், மொரெலைப் படிக்கிறவரை.

நாளைக்கு நாமெல்லாம் சூப்பர்வைசர்கள். ரிஜிஸ்டரிலும் டெஸ்ட் ரிப்போர்ட்டிலும் நம் கையெழுத்து இருக்கும். டேலி ஆகாத இடத்தில் ஏன் என்று ஒரு தடவை கேட்போம் நண்பர்களே! இனி நான் கேட்பேன்.

– மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்