நூலகம் ஈந்த செல்லப்பா

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் வெண்ணிற மாடத்தைக் கண்டிராத மாணவர் நம் கல்லூரியில் இலர். அந்நூலகத்தின் மூலவித்தை ஊன்றியவர் க. மு. செல்லப்பா அவர்கள் என்பதும் பலர் அறிந்ததே. ஆயினும், அப்பெரியார் தாம் தொடங்கிய கருமத்தை எவ்வாறு ஊரின் பொதுவுடைமையாக்கினார் என்பதை ஆழ்ந்து எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவர்தம் வாழ்க்கையில் நாம் கற்கத்தக்க பெரும் பாடம் அதுவேயாம்.

செல்லப்பா அவர்கள் பெருநிதி படைத்த பிரபுவல்லர். நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர். அந்நாளில் நல்ல நூல்கள் கல்லூரிகளிலும் கற்றோர் சிலரின் இல்லங்களிலுமே அடைபட்டுக் கிடந்தன. வாசிக்கும் வேட்கையிருந்தும் வழியறியாது நின்ற இளைஞருக்கு, 1933 ஆம் ஆண்டிலே, தம் வீட்டிலிருந்தே அவர் நூல்களை இரவலாக வழங்கத் தொடங்கினார். ஒருவர் வீட்டில் நடைபெறும் அறம் அவருடைய ஆயுளையும் வசதியையும் அளவாகக் கொண்டது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். ஆதலின், அவ்வாண்டு முடிவதற்குள், யாழ்ப்பாணத்திலே தமிழ் மக்களுக்கு இலவச மத்திய நூலகமொன்று அமையவேண்டுமென்று பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்.

வேண்டுகோள் வீண்போகவில்லை. 1934 யூன் 9 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் அன்பர்கள் கூடினர். மாவட்ட நீதிபதி சி. குமாரசுவாமி அவர்களைத் தலைவராகக் கொண்ட குழு ஒன்று உருவாயிற்று. செயலாளர் பொறுப்பில் அமர்ந்து அயராதுழைத்தார் செல்லப்பா. திரண்ட நிதி 1,100 ரூபாவுக்குச் சற்று மேற்பட்டதேயாம். அதனைக்கொண்டு ஓகஸ்டு 1 இல் ஆஸ்பத்திரி வீதியிலே, வாடகை அறையொன்றில், 844 நூல்களோடும் சில பத்திரிகைகளோடும் நூலகம் திறக்கப்பெற்றது.

ஈண்டுதான் அப்பெரியாரின் தீர்க்கதரிசனம் விளங்குகின்றது. நன்கொடை ஒருமுறை வரும். அறை வாடகையோ மாதந்தோறும் வரும். பத்திரிகைச் சந்தாவும் நூல் வாங்கும் செலவும் ஓய்வதில்லை. எனவே, ஐந்து மாதங்களே நிறைந்த அந்நூலகம், 1935 சனவரி 1 இல் யாழ்ப்பாண நகரசபையிடம் ஒப்படைக்கப்பட்டது. தாம் பெற்ற குழந்தையைப் பிறர் கையிற் கொடுத்தற்கு ஒப்பான செயல் இது. தம் பெயர் நிலைக்கவேண்டுமென்று விரும்பியிருப்பின் செல்லப்பா இதற்கு இசைந்திரார். நூலகம் நிலைக்கவேண்டுமென்றே அவர் விரும்பினார். வள்ளலொருவரின் கொடையால் வாசிப்பவன் விருந்தினன். வரிப்பணத்தால் நடக்கும் நூலகத்தில் வாசிப்பவனோ உரிமையாளன். இவ்வேறுபாடு சிறிதன்று.

1936 இல் நூலகம் நகரமண்டபத்தின் அருகே இடம்பெயர்ந்தது. 1949 இல் நகரசபை மாநகரசபையாக உயர்ந்தது. முதல் மேயர் சாம் சபாபதி அவர்கள் 1952 இல் நகரப் பெருமக்களைக் கூட்டிப் புதிய கட்டடத்துக்கு வழிகோலினார். வரி வருவாய் மட்டும் அத்துணைப் பெரும்பணிக்குப் போதாதாகலின், களியாட்டவிழாக்களும் அதிட்டலாபச் சீட்டுகளும் நடத்தி நிதி திரட்டினர். வணபிதா லோங் அடிகளார் இப்பணியிற் பேருழைப்பு நல்கினார். நூலகவியல் மேதை சீ. இரா. அரங்கநாதன் ஆலோசனை வழங்க, சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் திராவிடக் கலைமரபில் வடிவம் வகுத்தார். 1954 மார்ச்சு 29 இல் அடிக்கற்கள் நாட்டப்பெற்றன. 1959 ஒக்டோபர் 11 இல் மேயர் அல்பிரெட் துரையப்பா அவர்கள் கட்டடத்தைத் திறந்துவைத்தார். 844 நூல்களோடு தொடங்கிய நூலகம் 1981 ஆம் ஆண்டளவில் 97,000 நூல்களுக்கு மேற்பட்ட கருவூலமாக வளர்ந்திருந்தது.

அவ்வாண்டு மே 31 நள்ளிரவையொட்டி மூட்டப்பட்ட தீ அத்தனையையும் சாம்பராக்கியது. கிடைத்தற்கரிய ஏடுகளும் அழிந்தன. எனினும், அது யாருக்கோ உரிய நூலகமென்று ஊரார் வாளாவிருந்தாரல்லர். ஒவ்வொருவரும் தம் வீடு எரிந்ததாகவே துயருற்றனர். 1984 இல் ஒரு பகுதி மீளத் திறக்கப்பெற்றது. போரில் மறுபடியும் சிதைவுற்ற அக்கட்டடம், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் எழுந்தது. செல்லப்பா ஊன்றிய வித்தின் வேர் மக்கள் உள்ளத்திற் பாய்ந்திருந்தமையே இதற்குக் காரணமாம்.

இன்றும் நம் ஊர்களிலே வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் நாடக மன்றங்களும் உள்ளன. அவற்றுட் சில, தொடங்கியவர் தளர்ந்ததும் கதவடைத்து விடுகின்றன. வேறு சில, உள்ளூராட்சி மன்றத்தின் உதவிப்பணத்தையே எதிர்பார்த்துச் சோம்பிக் கிடக்கின்றன. செல்லப்பாவின் வாழ்வு இவ்விரு சாராருக்கும் வழிகாட்டுவது. முதலில் நம் கைப்பொருளையும் உழைப்பையும் இடுவோமாக. பின்னர், மன்றம் தரவேண்டிய பங்கைத் தயங்காது கேட்போமாக. கிடைத்தபின் அதனை எல்லார்க்கும் உரியதாக்கி விலகிநிற்கவும் அறிவோமாக. கல்லூரி தந்த கல்வியைப் பெற்ற பழைய மாணவர்க்கு இதனினும் உயர்ந்த கடன் பிறிதில்லை.