பிஎஸ்டபிள்யூ-வில் இருக்கும் அந்த ‘டபிள்யூ’

மெஷின் டிராயிங் படிச்ச யாருக்கும் பிஎஸ்டபிள்யூ த்ரெட் ஞாபகம் இருக்கும். 55 டிகிரி கோணம், நுனியிலும் அடியிலும் வளைவு. வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள கை கழண்டுரும். அந்த ‘டபிள்யூ’தான் ஜோசப் விட்வொர்த். மனுஷர் ரைஃபிளும் செஞ்சார் என்பது போன செமஸ்டர் வரை எனக்குத் தெரியாது. த்ரெட்டைவிட அந்தக் கதைதான் எனக்குப் பிடிச்சிருக்கு.

1803-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். 14 வயசுல உறவினர் ஒருவரின் பஞ்சாலையில் சேர்த்துவிட்டாங்க. அவருக்குப் பஞ்சு வியாபாரத்தில் மனசு ஒட்டல, மெஷின்லதான் ஒட்டுச்சு. அங்கிருந்து மான்செஸ்டர், பிறகு லண்டனில் மாட்ஸ்லேயின் பட்டறை. 1833-ல் மான்செஸ்டரில் சொந்தக் கடை. அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் காட்டும் அளவுக் கருவி செஞ்ச ஆள் இவர்.

1854-ல் கிரிமியப் போர். ரைஃபிள்களை வேகமாகச் செய்ய மெஷின் வடிவமைச்சுத் தரச் சொல்லி அரசு கேட்டது. நாமா இருந்தா ஆர்டரை வாங்கிப் போட்டிருப்போம். அவர், ஒரு ரைஃபிள் ஏன் நேராகச் சுடுது, இன்னொன்று ஏன் விலகுது என்ற காரணம் தெரியாமல் மெஷின் செய்ய முடியாதுன்னுட்டார். அரசுச் செலவில் தன் வீட்டு நிலத்தில் 500 கெஜ நீளத்துக்கு மூடிய கூடம் கட்டினார். கட்டின கொஞ்ச நாளில் புயல் அதைச் சாய்ச்சிருச்சு, மறுபடி கட்டினார். வழி நெடுக மெல்லிய காகிதத் திரைகள். எந்தத் திரையில் ஓட்டை எங்கே விழுந்திருக்கு, வட்டமா நீள்வட்டமா என்று பார்த்தாலே குண்டு எங்கே விலகுது, எங்கே தள்ளாடுதுன்னு தெரிஞ்சிரும்.

அன்றைய ராணுவ ரைஃபிள் என்ஃபீல்ட். குழல் விட்டம் 0.577 அங்குலம். வாய் வழியாகச் சுலபமாய்ப் போட வேண்டும் என்பதால் குண்டு அதைவிடச் சின்னது. சுடும்போது அடி விரிந்து குழலைப் பிடிச்சுக்கணும். எல்லாக் குண்டும் ஒரே மாதிரி விரியுமா? சுழற்சியும் குறைவு, 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். (1857-ல் இந்தியச் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த கொழுப்புத் தோட்டா இதே துப்பாக்கிக்கானது.)

விட்வொர்த் குழலை 0.451 அங்குலமாகக் குறைச்சார். எடை ஏறக்குறைய அதே, அதனால் குண்டு நீளமாச்சு. நீளக் குண்டு கவிழாமல் போக வேகமாகச் சுழலணும், அதற்கு 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலின் உள்பக்கம் அறுகோணம், குண்டும் அதே அறுகோணம். விரிந்து பொருந்தும் என்ற நம்பிக்கையே வேண்டாம், பட்டறையிலேயே பொருந்தியாச்சு. 1857 சோதனையில் 500 கெஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் சுமார் 27 அங்குலம், இவருடையது நாலரை. 1400 கெஜத்தில் என்ஃபீல்ட் இலக்கைத் தொடவே இல்லை.

ஆனாலும் ராணுவம் அதைப் பொது ஆயுதமாக எடுத்துக்கல. விலை என்ஃபீல்டைப் போல நாலு மடங்கு. அதைவிடப் பெரிய சிக்கல் கரி. கருமருந்தின் கசடு படியப் படிய, அவ்வளவு நெருக்கமான குழலில் அடுத்த குண்டு இறங்க மறுத்தது. முதல் வருஷ ஃபிட்டிங் லேபில் நான் பெருமையாக ராவிப் பொருத்திய ரெண்டு துண்டுகள், நடுவில் கொஞ்சம் இரும்புத்தூள் விழுந்ததும் அசையாம நின்னது. அதனால எனக்கு ராணுவத்தின் மேல் கோபம் வரல. துடைச்சுத் துடைச்சுச் சுட நேரமிருக்கும் மான் வேட்டைக்காரருக்கு அது நல்ல ரைஃபிள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் குறிவீரர்களும் அதைத் தேடி வாங்கினாங்க.

இன்னைக்கும் கடையில் வாங்குற ஒரே தோட்டா ஒரு வேட்டை ரைஃபிளில் கூட்டமாக விழும், இன்னொன்றில் சிதறும். குண்டின் நீளத்துக்குச் சுழற்சி போதுமா, குழலோடு சரியாப் பொருந்துதா என்றுதான் அப்பவும் பார்க்கிறாங்க.

1868-ல் இளம் இன்ஜினியர்களுக்கு ஆண்டுக்கு 100 பவுண்ட் வீதம் 30 உதவித்தொகைகள் ஏற்படுத்தினார். 1887-ல் மாண்டி கார்லோவில் இறந்தார். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் ராணுவம் லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளை ஏற்றது. விட்டம் 0.303 அங்குலம், சுழற்சி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று.