பிள்ளைகளின் தந்தை புனித தொன் போஸ்கோ

சிறுவர் புடைசூழ நிற்கும் குருவானவர் ஒருவரின் சுரூபத்தை நம் ஆலயங்கள் பலவற்றில் காண்கிறோம். அவரே புனித ஜான் போஸ்கோ. நாம் குருக்களைச் சாமி என்று அழைப்பதுபோல் இத்தாலியர் தொன் என்பர். அதனால் தொன் போஸ்கோ என்னும் பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. விடுதி என்றாலே போக்கிடமற்ற பிள்ளைகளை அடைத்து வைக்கும் இடம் என்ற எண்ணம் இன்றும் சிலருக்கு உண்டு. அது வீடாகவும் இருக்க முடியும் என்று காட்டியவர் இவர்.

1815-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் வட இத்தாலியின் பெக்கி என்னும் சிற்றூரில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். அவர் படிப்பது மூத்தாள் மகனான அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. எனவே 1828-இல் தாயார் அவரை வேறொரு குடியானவர் வீட்டில் வேலைக்கு அனுப்ப நேர்ந்தது. அயலார் வீட்டில் அண்டிப் பிழைப்பது எப்படிப்பட்டது என்பதைப் பன்னிரண்டு வயதிலேயே அறிந்தவர் அவர். பின்னாளில் அவர் செய்ததற்கெல்லாம் வித்து அங்கேதான் விழுந்தது என்று நினைக்கத் தோன்றுகிறது.

1841-இல் குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகருக்கு வந்தார். பிழைப்புத் தேடி மலைநாட்டுச் சிறுவர்கள் அந்நகருக்குத் திரண்டு வந்த காலம் அது. சிறைச்சாலைகளுக்குச் சென்ற இளங்குரு, விடுதலையான பையன்களே மீண்டும் மீண்டும் உள்ளே வருவதைக் கண்டு மனம் நொந்தார். வெளியே வரும் நாளில் அவர்களுக்கென்று ஒருவரும் இல்லை, காரணம் அவ்வளவே. ஞாயிறுதோறும் சிறுவர்களைச் சேர்த்து ஞானோபதேசமும் விளையாட்டும் நடத்தினார். கூச்சல் பொறுக்காமல் இடத்துக்கு இடம் விரட்டினார்கள். 1846-இல் வல்தோக்கோ என்னும் புறநகர்ப் பகுதியில் ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஐம்பத்தெட்டு வயதான தம் தாயார் மார்கரீத்தா அம்மாளையும் அங்கே அழைத்து வந்தார்.

முதல் அனுபவம் கசப்பானது. இரவில் தங்க இடம் கொடுத்த பையன்கள் விடியுமுன் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். வேறொருவராயிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். 1847-ஆம் ஆண்டு மே மாதம், மழையில் தெப்பமாக நனைந்து, கையில் காசில்லாமல், கொத்தனார் வேலை தேடி வந்த பதினைந்து வயதுப் பையன் கதவைத் தட்டினான். இவன் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று தொன் போஸ்கோ அஞ்சினார். ஆயினும் அம்மாள் அடுப்பங்கரையிலேயே படுக்கை போட்டுக் கொடுத்தார். உறங்குமுன் உழைப்பைப் பற்றியும் இறைவனைப் பற்றியும் இரண்டு வார்த்தை இதமாகச் சொன்னார். சலேசிய இல்லங்களில் இரவு செபத்திற்குப் பின் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் சிற்றுரை அந்த அடுப்பங்கரையில் பிறந்ததே.

அம்மாளின் பாடும் சாமானியமன்று. தாம் பாடுபட்டு வளர்த்த கீரைப் பாத்திகளைப் பையன்கள் மிதித்துத் துவைத்த ஒரு நாள், ஊருக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னார். மகன் மறுமொழி பேசாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக் காட்டினார். 1856-இல் கண் மூடும்வரை அவர் அவ்விடம் விட்டு நகரவில்லை.

வேலைக்குப் போன பிள்ளைகளையும் தொன் போஸ்கோ கைவிடவில்லை. 1852-இல் தச்சு மேஸ்திரி ஒருவருடன் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதினார். பையனை அடிக்கக்கூடாது, தொழிலைத் தவிர வேறு எடுபிடி வேலை வாங்கக்கூடாது, திருநாட்களில் ஓய்வு தரவேண்டும் என்பன நிபந்தனைகள். 1853 முதல் செருப்புத் தையல், துணித் தையல் எனப் பட்டறைகளை வீட்டிலேயே தொடங்கினார். 1854-இல் நகரில் காலரா பரவியபோது, இந்தப் பையன்களே நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணிவிடை செய்தார்கள்.

1860-களில் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பெருகினர். ஆனால் கட்டடம் வளர்வது வேறு, வீடு வளர்வது வேறு. முதுமையில் அவருக்கு இந்தக் கவலை இருந்தது. 1884-இல் ரோமாபுரியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில், பெரியவர்கள் பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கி நிற்பதையும், பழைய நெருக்கம் குறைந்துபோனதையும் எண்ணி வருந்தினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுவதைப் பிள்ளை உணரவேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். விடுதி நடத்துவோர் ஆண்டுதோறும் ஒருமுறை அதைப் படிப்பது நலம்.

அவ்வீட்டின் பலன் என்ன? 1870-இல் அவரது நாமத் திருவிழாவன்று முன்னாள் மாணவர் சிலர் காசு சேர்த்துக் காப்பிக் கோப்பைகள் வாங்கிக்கொண்டு தந்தையைக் காண வந்தனர். அழைத்து வந்தவர் கார்லோ கஸ்தீனி. நாவிதர் கடையில் எடுபிடியாயிருந்தபோது தொன் போஸ்கோவின் கண்ணில் பட்ட அநாதைச் சிறுவர். பின்பு ஆண்டுதோறும் வந்தனர். முன்னாள் மாணவர் சங்கங்கள் இப்படித்தான் தோன்றின. வீட்டில் வளர்ந்த கல்யேரோ, 1875-இல் அர்ஜென்டினா சென்ற முதல் சலேசிய மிஷனரிகளுக்குத் தலைவரானார். பிற்காலத்தில் கர்தினாலும் ஆனார்.

தந்தையை இழந்த மிக்கேல் ரூவா என்ற சிறுவனிடம், தொன் போஸ்கோ தம் உள்ளங்கையை வெட்டிப் பாதி தருவதுபோல் ஒருநாள் வேடிக்கையாகச் சைகை காட்டினார். எல்லாவற்றிலும் உனக்குப் பாதி என்பது அதன் பொருளென்று அவனுக்குப் பின்னரே விளங்கிற்று. தொன் போஸ்கோ 1888 ஜனவரி 31 அன்று இறைவனடி சேர்ந்தபின், சபைத் தலைமை ஏற்றவர் அந்த ரூவாவே. 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து, அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற முதல் சலேசியர்களை நம் நாட்டுக்கு அனுப்பி வைத்தவரும் அவரே.