37,215 முறை நட்சத்திரம் பார்த்த கருவூல ஊழியர்: யார் இந்த ராதா கோபிந்த சந்திரா?

டெலஸ்கோப் வாங்கணும்னு ஆசைப்பட்டு, விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தையே மூடிட்டீங்களா? அப்படின்னா இந்தக் கதை உங்களுக்குத்தான்.

யார் இவர்?

ராதா கோபிந்த சந்திரா 1878-ல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஜெசூரில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்று முறை தோல்வி. கல்லூரிப் படிப்பு இல்லை. ஜெசூர் கலெக்டர் அலுவலகக் கருவூலத்தில் நாணயங்களைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 15 ரூபாய்.

1910-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது அவரிடம் இருந்தது ஒரு சின்ன பைனாகுலர் மட்டும்தான். இரண்டு வருஷம் கழித்து, இங்கிலாந்திலிருந்து 3 அங்குல டெலஸ்கோப் ஒன்றை வரவழைத்தார்.

திருப்புமுனை எது?

1918 ஜூனில் கழுகு விண்மீன் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் திடீரென வெடித்துப் பிரகாசமானது. அந்த நோவாவைத் தானாகவே கண்டுபிடித்தவர்களில் இவரும் ஒருவர். தன் குறிப்புகளை அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அனுப்பினார். அதன் வழியே, மாறும் நட்சத்திரங்களைக் கவனிக்கும் அமெரிக்க அமெச்சூர் சங்கத்தோடு தொடர்பு கிடைத்தது.

அப்படி என்ன செய்தார்?

சில நட்சத்திரங்களின் ஒளி நாள்கணக்கில், மாதக்கணக்கில் கூடும், குறையும். பக்கத்தில் இருக்கும், பிரகாசம் ஏற்கெனவே தெரிந்த நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்று இது எவ்வளவு பிரகாசம்னு மதிப்பிட வேண்டும். தேதி, நேரத்தோடு எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதை வருஷக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது வங்காளத்தில் இரவு. அங்கே விழுந்த இடைவெளிகளை இவருடைய பதிவுகள் நிரப்பின.

கணக்கு போட்டுப் பாருங்க. 1919 முதல் 1954 வரை 37,215 பதிவுகள். சராசரியா ஒரு நாளைக்கு மூன்று. மழைக்காலத்தையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி!

1926-ல் அந்தச் சங்கமே 6 அங்குல டெலஸ்கோப் ஒன்றை அவருக்குக் கடனாக அனுப்பியது. 1928-ல் பிரெஞ்சு அரசு கௌரவித்தது.

கடைசியில் என்ன ஆனது?

பிரிவினையில் ஜெசூர் பாகிஸ்தானுக்குப் போனது. அவர் இந்தியாவுக்கு வந்து, கொல்கத்தா அருகே பாராசத்தில் குடியேறினார். முதுமை வறுமையில் கழிந்தது. 1975-ல் இறந்தார். கடனாக வந்த அந்த டெலஸ்கோப், வானியலாளர் வைணு பாப்புவிடம் நைனிதாலுக்குப் போய், பிறகு நம்ம ஊர் காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

திருவாதிரை நட்சத்திரமும் ஒளி மாறும் நட்சத்திரம்தான். ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ். வழக்கமா ரோகிணியைவிட பிரகாசமா இருக்கும். 2020 தொடக்கத்தில் ரோகிணியைவிட மங்கிப்போனது. வெறும் கண்ணாலேயே அந்த வித்தியாசம் தெரிந்தது.

டிசம்பர் முதல் மார்ச் வரை மாலை வானில் இரண்டையும் மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம். எது பிரகாசம்னு ஒப்பிடுங்க. தேதி, நேரம் போட்டு எழுதி வைங்க. போனை ஸ்டாண்டில் வைத்து, நைட் மோடில் ஒரு படமும் எடுத்து வைங்க. அடுத்த வாரமும் அதையே செய்யுங்க. டெலஸ்கோப்பை அப்புறம் யோசிக்கலாம்.