ரொட்டித் துணுக்கு சொன்ன பாடம்



மழலையர் பள்ளியில் இளஞ்சிவப்பு நிறக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளையாடியது உண்டா? உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தது உண்டா? அவற்றை நமக்குத் தந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். ஆனால், அவர் முதன்முதலில் யாருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார் தெரியுமா? படிப்பே வராது என்று ஊரார் ஒதுக்கி வைத்த குழந்தைகளுக்குத்தான்!

மரியா 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். அந்நாளில் அது ஆண்களின் படிப்பு. பிணத்தை அறுத்துப் பார்க்கும் பாடத்தை ஆண்களோடு சேர்ந்து படிக்க அவருக்கு அனுமதி இல்லை. மற்ற மாணவர்கள் போன பிறகு, தன்னந்தனியே பிணங்களுக்கு நடுவே நின்று படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் சில பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

பணி நிமித்தமாக மனநல விடுதிகளுக்குச் சென்றார். அங்கே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெரியவர்களான மனநோயாளிகளோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு விடுதியில் குழந்தைகள் சாப்பிட்ட பிறகு தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்களாம். பேராசை பிடித்த பிள்ளைகள் என்று அங்கிருந்த பணிப்பெண் முகம் சுளித்தாராம். மரியாவோ அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவோ கையில் எடுக்கவோ அங்கே ஒரு பொருளும் இல்லை! குழந்தைகள் தேடியது தீனியை அல்ல, கைக்கு ஒரு வேலையை என்று அவருக்குப் புரிந்தது.

இக்குழந்தைகளுக்கு மருந்தைவிட நல்ல கல்வியே தேவை என்று உணர்ந்தார். இதார், செகுவின் என்ற பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். 1899-ல் இக்குழந்தைகளின் நலனுக்கான தேசியக் கழகத்தில் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று பேசினார். அக்கழகம் 1900-ல் ரோமில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. மரியா அதன் இயக்குநர்களுள் ஒருவரானார். குழந்தைகள் மட்டுமல்ல, அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் அங்கே பயிற்சி பெற்றார்கள். முதல் அணியில் 64 ஆசிரியர்கள்!

காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை மரியாவே குழந்தைகளோடு இருப்பார். இரவில் அன்று கண்டதையெல்லாம் குறித்து வைப்பார். மரத்தில் எழுத்துகள் செய்து விரலால் தடவச் செய்தார். கை பழகியது, எழுத்தும் வந்தது! அவர்களுள் சிலர் மற்றக் குழந்தைகளோடு தேர்வு எழுதி வெற்றி பெற்றார்கள். எல்லாரும் வியந்து பாராட்டினார்கள். மரியாவுக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. இவர்களே இவ்வளவு படித்தால், நலமாக உள்ள குழந்தைகள் இன்னும் எவ்வளவோ படிக்கலாமே! நம் கற்பிக்கும் முறையில் அல்லவா குறை?

அதற்கு விடையாக 1907 ஜனவரி 6 அன்று ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர் முறை உலகெங்கும் பரவியது.

1939-ல் மகன் மரியோவுடன் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அடுத்த ஆண்டே இத்தாலி போரில் இறங்கியதால் ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையார் அடையாற்றை விட்டு வெளியே செல்லத் தடை. அவரது 70-ஆவது பிறந்த நாளன்று மகன் விடுதலையானார். அதைவிடப் பெரிய பிறந்தநாள் பரிசு ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்? பிறகு கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார்.

குழந்தைகளே, உங்கள் வகுப்பிலும் மெதுவாகப் படிக்கும் தோழனோ தோழியோ இருக்கலாம். கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து ஓர் எழுத்து எழுதக் கற்றுக்கொடுங்கள். அந்தக் கையும் ஒரு வேலையைத் தேடிக்கொண்டுதான் இருக்கும்!