'1984' எழுதியவரின் கழுத்தில் பாய்ந்த குண்டு: போர்முனையில் ஜார்ஜ் ஆர்வெல் கண்டது என்ன?

'1984', 'விலங்குப் பண்ணை' நாவல்களால் உலகம் அறிந்தவர் ஜார்ஜ் ஆர்வெல். மேசை முன்னால் உட்கார்ந்தே எல்லாவற்றையும் எழுதியவர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 1937-ல் அவர் ஸ்பெயின் பதுங்குகுழியில் துப்பாக்கியோடு கிடந்த காலாட்படை வீரர்.

இயற்பெயர் எரிக் பிளேர். 1903-ல் பிறந்தது நம்ம பிகாரில் உள்ள மோதிஹாரியில். அப்பா அங்கே பிரிட்டிஷ் அரசின் அபின் துறையில் அதிகாரி.

ஸ்பெயினுக்கு ஏன் போனார்?

1936 ஜூலையில் ஸ்பெயினின் குடியரசு ஆட்சிக்கு எதிராக ராணுவத் தளபதிகள் கிளர்ச்சியில் இறங்கினார்கள். விரைவிலேயே அவர்களுக்குத் தலைவரானார் ஃபிராங்கோ. ஹிட்லரும் முசோலினியும் அவர் பக்கம். அந்த டிசம்பரில் பார்சிலோனா போன ஆர்வெல், 'போம்' என்ற சிறிய மார்க்சியக் கட்சியின் படையில் சேர்ந்தார். ஸ்டாலினை எதிர்த்த கட்சி அது. பின்னால் வந்த வினையெல்லாம் இதிலிருந்துதான்.

அரகான் மலையில் அவர் கைக்குக் கிடைத்தது 1896-ல் செய்த ஜெர்மன் துப்பாக்கி. அவரைவிட ஏழு வயசு மூத்தது! சண்டை அதிகம் இல்லை. குளிரும் பேனும்தான் பெரிய தொல்லை. தினசரிக் கவலைகளில் விறகுக்குத்தான் முதலிடம், எதிரிக்குக் கடைசி இடம்தான் என்று பின்னாளில் எழுதினார்.

ஒருமுறை எதிரிப் படையாள் ஒருவன், அவிழும் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஓடினான். ஆர்வெல் சுடவில்லை. கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடுபவன் அவருக்கு எதிரியாகத் தெரியவில்லை, தன்னைப் போன்ற மனுஷனாகத்தான் தெரிந்தான்.

சொந்த அணிக்குள்ளேயே சண்டை

1937 ஏப்ரல் இறுதியில் விடுப்பில் பார்சிலோனா வந்தார். அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் யார் கையில் இருப்பது என்பதில் தொடங்கி, குடியரசு அணிக்குள்ளேயே தெருச்சண்டை வெடித்தது. கட்சி அலுவலகத்துக்குக் காவலாக, எதிரே இருந்த சினிமா தியேட்டர் மொட்டைமாடியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். பிறகு பத்திரிகைகளைப் பார்த்தால், தங்கள் கட்சி ஃபிராங்கோவின் கைக்கூலி என்று செய்தி. கண்ணால் பார்த்ததற்கும் அச்சில் வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அவரை உலுக்கியது துப்பாக்கிச் சத்தத்தைவிட இதுதான்.

அப்படியும் போர்முனைக்குத் திரும்பினார். மே 20, விடிகாலை. ஆள் நல்ல உயரம். மணல்மூட்டைத் தடுப்பருகே நின்று பேசிக்கொண்டிருந்தவரின் கழுத்தைத் துளைத்துக்கொண்டு போனது குண்டு. முக்கிய ரத்தக்குழாய் தப்பியது மயிரிழையில். குரல் போயே போச்சு என்றார் டாக்டர். ஆனாலும் மெல்லத் திரும்பி வந்தது.

மருத்துவமனையிலிருந்து ஜூனில் பார்சிலோனா வந்தபோது, ஓட்டல் வரவேற்பறையிலேயே மனைவி ஐலீன் வழிமறித்து உடனே வெளியேறச் சொன்னார். 'போம்' தடை செய்யப்பட்டிருந்தது, கண்டவரையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரவில் இடிந்த கட்டடங்களில் படுத்தார் ஆர்வெல். அந்த நிலையிலும், சிறைப்பட்ட தன் தளபதி ஜார்ஜஸ் கோப்பை விடுவிக்க முடியுமா என்று அதிகாரிகளிடம் நேரில் போய் நின்றார். துணிச்சல் என்றால் போர்முனையைவிட இதைத்தான் சொல்ல வேண்டும். பலன் இல்லை. ஜூன் 23 அன்று தம்பதி ரயிலேறி பிரான்ஸுக்குத் தப்பினார்கள்.

இங்கிலாந்திலும் கதவுகள் மூடின. வழக்கமாக அவர் நூல்களை வெளியிட்ட விக்டர் கொலான்ஸ், எழுதி முடிக்கும் முன்பே இந்தப் புத்தகம் வேண்டாம் என்றார். வேறு பதிப்பகம் மூலம் 1938-ல் வந்தது 'ஹோமேஜ் டு கேட்டலோனியா'. அச்சிட்டது 1,500 பிரதிகள். 1950 ஜனவரியில், 46 வயதில் காசநோயால் ஆர்வெல் இறந்தபோதும் அவை விற்றுத் தீரவில்லை.

அவர் தப்பி வந்த சில வாரங்களில், ஆர்வெல்லையும் ஐலீனையும் துரோகிகள் என்று குற்றம்சாட்டி ஓர் அறிக்கை ஸ்பெயினில் தயாராகியிருந்தது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அப்படி ஒன்று இருப்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.